பனையோலைக் கைப்பணிக்கு வணிகப் பயிற்சி: வகுப்பறையும் வழிகாட்டலும்

யாழ்ப்பாண மாவட்டத்தில் பனையோலை, ஈர்க்கு, நார் ஆகியவற்றால் பொருள் செய்து விற்கும் சிறு முயற்சியாளர்களுக்காக அரசசார்பற்ற நிறுவனம் ஒன்று நடத்திய வணிகப் பயிற்சியிலும், அதைத் தொடர்ந்த ஆறு மாத வழிகாட்டலிலும் நான் பங்குபற்றினேன். எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் இழைத்துத் தரும் பெட்டிகளையும் கடகங்கள் எனப்படும் பெரிய ஓலைக் கூடைகளையும் வாங்கி, விளிம்பு கட்டி, உள்ளே துணி தைத்து, யாழ்ப்பாண நகரத்திலும் கொழும்பிலும் உள்ள கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில் என்பதால், இழைப்பவர், விற்பவர் ஆகிய இரு தரப்பின் தேவைகளையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சுட்டும் குறைகளிற் பல, வடக்கில் நடக்கும் இத்தகைய பயிற்சிகள் பலவற்றுக்கும் பொதுவானவை; பெயரைச் சொன்னால் பேச்சு அந்த நிறுவனத்தோடு நின்றுவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வகுப்புப் பகுதிக்குக் கிரயக் கணிப்பு, அதாவது ஒரு பொருளைச் செய்ய ஆகும் மொத்தச் செலவைக் கணக்கிடும் பாடம் ஒன்றுக்காகவே போகலாம்; வழிகாட்டலின் பயனோ, யார் வழிகாட்டுநராக வாய்க்கிறார் என்பதை முழுக்க முழுக்கப் பொறுத்தது.

முதலில் ஒரு வார வகுப்பு, இடையில் வடிவமைப்புச் செயலமர்வு ஒன்று, பின்னர் மாதந்தோறும் வழிகாட்டுநர் தொழில் நடக்கும் இடத்துக்கே வந்து பார்ப்பது, இறுதியில் கொழும்பில் ஒரு கண்காட்சி என்பது ஏற்பாடு. கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் சேரும்போது சிறு வைப்புப் பணம் வாங்கி, வகுப்பை முழுமையாக முடித்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். முற்றிலும் இலவசமாக நடத்தினால் இரண்டாம் நாளே கதிரைகள் காலியாகிவிடும் என்பதைப் பட்டறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். பங்குபற்றுநர் தெரிவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இருபது ஆண்டுகளாகப் பெட்டி இழைத்துக் கை பழகியவரும், பாடசாலைக் கல்வியை முடித்துவிட்டு என்ன தொழில் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவரும் ஒரே வகுப்பில் இருத்தப்பட்டார்கள். முன்னவருக்குத் தேவை வாங்குபவர்; பின்னவருக்குத் தேவை இந்தத் தொழிலே தனக்கு ஒத்துவருமா என்ற தெளிவு. ஒரே வளவாளர், ஒரே கரும்பலகை என்று வைத்துக்கொண்டு இருவருக்கும் பாடம் நடத்தியதில், வாரத்தின் முதற்பாதி இருவருக்குமே அரைகுறையாகக் கழிந்தது.

பாடங்களின் அடித்தளம், இலங்கையில் எஸ்.ஐ.வை.பி. என்ற எழுத்துகளாலேயே பலரும் அறிந்துள்ள சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் சிறுதொழிற் பயிற்சித் திட்டம். 1970களில் சுவீடனின் முதலாளிமார் சம்மேளனம் சிறுதொழில் நடத்துவோருக்காக உருவாக்கிய பாடங்களிலிருந்து வளர்ந்து, நூறு நாடுகளுக்கு மேல் பரவியிருக்கும் திட்டம் இது. தொழில் யோசனை தேடுபவருக்கு ஒரு கைநூல், தொடங்கப் போகிறவருக்கு ஒன்று, நடத்திக்கொண்டிருப்பவருக்கு ஒன்று, பெருக்க விரும்புபவருக்கு ஒன்று என்று அது ஆட்களைப் படிப்படியாகப் பிரித்தே அமைக்கப்பட்டிருக்கிறது. நடத்திக்கொண்டிருப்பவருக்கான பிரிவிலே சந்தைப்படுத்தல், கிரயக் கணிப்பு, கொள்வனவும் இருப்பும், கணக்குப் பதிவு, திட்டமிடல், ஆட்களும் உற்பத்தித்திறனும் என்று ஆறு பகுதிகள் உள்ளன. இப்படிப் பிரித்து வைத்திருப்பதன் நோக்கமே, வெவ்வேறு நிலையில் இருப்பவர்களை ஒன்றாக இருத்தக்கூடாது என்பதுதான். எங்கள் ஏற்பாட்டாளர்கள் கைநூலை எடுத்துக்கொண்டு, அதன் நோக்கத்தை வெளியே விட்டுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

கிரயக் கணிப்புப் பாடத்தை மட்டும் குறை சொல்ல இடமில்லை. அதை நடத்திய வளவாளர், பங்குபற்றுநர் ஒருவர் இழைத்துக் கொண்டுவந்திருந்த மூடிப்பெட்டியை மேசையில் வைத்து, “இதுக்கு உங்கட கூலி எவ்வளவு எண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்டார். “கடைக்குத் தொள்ளாயிரத்துக்குக் குடுக்கிறன் மிஸ்” என்பது கிடைத்த பதில். கேட்டது கூலி, வந்தது விலை. வளவாளர் திருத்தவில்லை, தொள்ளாயிரம் என்ற தொகையைக் கரும்பலகையின் கீழ்மூலையில் எழுதிவிட்டு, மேலிருந்து கணக்கைத் தொடங்கினார். சார்வோலையும் (இழைப்பதற்கு எடுக்கும் இளம் பனையோலை) சாயமும் நூலும் சேர்ந்து 180 ரூபா. ஓலையை வார்வது, சாயத்தில் அவித்து உலர்த்துவது, அடி தொடங்கி இழைப்பது, மூடியைப் பொருத்துவது, விளிம்பு கட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் எடுக்கும் நேரத்தை அந்தப் பெண்ணிடமே கேட்டுக் கூட்டியபோது ஐந்து மணித்தியாலம் வந்தது. தோட்ட வேலைக்குப் போனால் கிடைக்கக்கூடிய கூலியை வைத்து மணிக்கு 200 ரூபா என்று அவர்களே மதிப்பிட்டார்கள். ஆகவே 1,000 ரூபா. அடுத்து, எந்தப் பெட்டிக்கும் தனியாக எழுத முடியாத செலவுகள்: தொலைபேசி ரீலோட், பேருந்துக் கட்டணம், விறகு, மின்சாரம், கத்தியும் ஊசியும். மாதத்துக்கு 6,000 ரூபா என்றும், மாதத்தில் வேலை செய்யும் நேரம் 200 மணித்தியாலம் என்றும் கொண்டால் மணிக்கு 30 ரூபா; ஐந்து மணிக்கு 150. மொத்தக் கிரயம் 1,330 ரூபா. இலாபம் என்று இன்னும் ஒரு சதமும் சேர்க்கப்படவில்லை.

பிறகுதான் அவர் கீழ்மூலையில் இருந்த 900 என்ற தொகைக்கு வந்தார். அதிலிருந்து ஓலை, சாயம், பொதுச் செலவு எல்லாவற்றையும் கழித்தால் எஞ்சுவது 570 ரூபா. அதை ஐந்தால் வகுத்தால் மணிக்கு 114. நட்டம் என்பதை எல்லாரும் பொதுவாக உணர்ந்துதான் இருந்தார்கள். பனையோலை வேலையில் கூலி கட்டாது என்று ஊரில் யாரும் சொல்வார்கள். ஆனால், எந்த இடத்தில், எவ்வளவு கட்டவில்லை என்று அதுவரை எவரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. பெரும்பாலானோர் ஓலைக் காசை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்கி விலை சொல்லும் வழக்கம் உடையவர்கள். அந்த வழக்கம் பாய்க்கு ஓரளவு பொருந்தலாம். நேரத்தை விழுங்கும் மூடிப்பெட்டிக்கும் அர்ச்சனைத் தட்டுக்கும் பொருந்தவே பொருந்தாது.

இந்தக் கட்டத்தில் பல வளவாளர்கள் “ஆகவே விலையைக் கூட்டுங்கள்” என்று முடித்துவிடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. இலாபமும் சேர்த்து 1,500 ரூபா கேட்டால் கடைக்காரர் தரமாட்டார் என்பதை ஏற்றுக்கொண்டு, ஐந்து மணித்தியாலத்தை மறுபடியும் பிரித்துப் பார்த்தார். ஓலையை ஒரே அகலத்துக்கு வார்வதிலேயே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகிறது என்பது அப்போது தெரிந்தது. ஒருவர் ஒரு பெட்டிக்கு மட்டும் வார்வதைவிட, குழுவில் இருவர் எல்லாருக்குமாக ஒரே நாளில் வார்ந்து கட்டி வைத்தால் அந்த நேரம் பாதியாகும். அதே ஓலையில், மூடியில்லாத, அடி சதுரமான சிறு பெட்டி எவ்வளவு நேரத்தில் முடியும், அதற்கு என்ன விலை கிடைக்கும் என்று அடுத்த கணக்கு. நேரத்தைக் குறைப்பது, பொருளை மாற்றுவது, வாங்குபவரை மாற்றுவது என்ற மூன்றையும் கரும்பலகையில் அக்கம்பக்கமாக எழுதி, ஒவ்வொருவரும் தம் பொருளுக்குத் தாமே கணக்குப் போடவேண்டும் என்று மாலை வரை விடாமல் இருத்தி வைத்தார். எழுத்துப் பழக்கம் குறைந்த ஓர் அம்மா, பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் சொல்லச் சொல்ல எழுதுவித்து, பிட்டு அவிக்கும் தன் நீத்துப்பெட்டியின் கணக்கை முடித்தார். அந்த வாரத்தின் மிகச் சிறந்த பொழுது அதுவே.

ஒரு குறையையும் இங்கே சொல்லவேண்டும். கிரயக் கணக்கை ஒரு முறை போட்டுவிட்டால் போதும் என்ற எண்ணத்தை அந்தப் பாடம் உண்டாக்கியது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியதையும், இறக்குமதிச் சாயத்தின் விலை அதோடு சேர்ந்து பாய்ந்ததையும் நாங்கள் மறந்துவிடவில்லை. அந்த ஆண்டில் பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட பொருள்களைச் செய்து கொடுத்தவர்கள் கையிலிருந்த காசை இழந்தார்கள். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கணக்கை மீளப் போடவேண்டும், விலைக்கூற்றில் எத்தனை நாளுக்கு அந்த விலை செல்லும் என்று எப்படி எழுதவேண்டும் என்பவை பாடத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும். அவற்றைப் பின்னர் வழிகாட்டுநர் ஒருவரிடமிருந்துதான் அறிந்துகொண்டோம்.

கணக்குப் பதிவுப் பாடம் எளிமையாகவும் போதுமானதாகவும் இருந்தது. வரவும் செலவும் ஒரு கொப்பியில், கடன் கொடுத்தது மற்றொரு கொப்பியில், வீட்டுக் காசும் தொழிற் காசும் வெவ்வேறு டப்பாவில். இதற்கு மேல் எங்களுக்கு வேண்டியதில்லை. இணையவழி விற்பனைப் பாடம் நேர விரயம். கைத்தொலைபேசியில் முகநூற் பக்கம் திறப்பதைக் காட்டினார்கள். அங்கிருந்த இளையவர்களுக்கு அது ஏற்கனவே தெரியும், மூத்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. கடகம் போன்ற பருமனான, பாரமற்ற பொருளைக் கொழும்புக்கு அனுப்பக் கூரியர் நிறுவனங்கள் எப்படிக் கட்டணம் கணிக்கின்றன, நசுங்காமல் எப்படிப் பொதி செய்வது, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவுகளில் செய்தால் செலவு எவ்வளவு குறையும் என்ற கேள்விகளே எங்களை வாட்டுபவை. அவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வங்கி அதிகாரி ஒருவரின் கடன் விளக்கமும் ஒட்டவில்லை. நுண்கடன் தவணை கட்ட முடியாமல் பெண்கள் பட்ட பாட்டை வடக்கு நன்றாகவே அறியும். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே முன்வர வேண்டியிருந்தது. அந்தப் பின்னணி தெரியாதவர் போலக் கடனைப் பரிசாகக் காட்டிப் பேசினால், கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்களே தவிர நம்பமாட்டார்கள்.

வடிவமைப்புச் செயலமர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இத்தகைய பயிற்சிகளில் அதிகம் பேசப்படுவதும் மிகக் குறைவாகப் பயன் தருவதும் இந்தப் பகுதிதான். கொழும்பிலிருந்து வந்த இளம் வடிவமைப்பாளர், நல்ல இரசனையும் உழைப்பும் உடையவர். மின்குமிழுக்கு மேல் தொங்கவிடும் கூடு ஒன்றை அழகாக வரைந்து வந்திருந்தார். அதற்கு ஈர்க்கு அளவு மெல்லிய ஓலைக் கீற்று வேண்டும். அது நடுவில் ஒடுங்கி மீண்டும் விரியவேண்டும். ஓலை ஈரப்பதமாக இருக்கும்போது வளையும், உலர்ந்ததும் அந்த ஒடுங்கிய இடத்திலேயே வெடிக்கும் என்பதை இழைப்பவர்கள் படத்தைப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள். அவரும் கேட்டுக்கொண்டு, ஒடுக்கத்தை நீக்கி, கீற்றை அகலமாக்கி மாற்றினார். ஆனால் மாற்றிய மாதிரியைச் செய்து பார்ப்பதற்குள் செயலமர்வு முடிந்துவிட்டது. மறுநாள் அவர் திரும்பிவிட்டார். வடிவமைப்பாளர் பர்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயார்ஃபூட் என்ற கைத்தறி நிறுவனத்தின் கதையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. நல்லாயன் சபைக் கன்னியாஸ்திரிகளின் பராமரிப்பில் இருந்த பெண்களின் நெசவுக்கு நிறமும் வடிவமும் அமைத்துக் கொடுப்பதில் தொடங்கிய அந்த உறவு, பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. கைப்பணிக்கு வடிவமைப்பாளர் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வந்து வரைந்து கொடுத்துவிட்டு மறுநாளே போய்விடுகிற வடிவமைப்பாளரால் கிடைப்பது ஒரு படத்தாள்.

இனி வழிகாட்டல். பங்குபற்றுநர்களை இரண்டாகப் பிரித்து இரு வழிகாட்டுநர்களிடம் ஒப்படைத்தார்கள். நடுவில் ஒருவர் வேறு பணிக்குப் போய்விட்டதால் இரு தரப்பினரையும் மற்றவரே பார்க்க நேர்ந்தது. ஆகவே இருவரையும் ஒப்பிட்டுப் பேச எனக்கு வாய்ப்பு உண்டு. முதலாமவர் முகாமைத்துவப் பட்டதாரி. மரியாதையானவர், நேரந்தவறாதவர், எல்லாரும் அவரைச் சேர் என்றே அழைத்தோம். மடிக்கணினியில் படிவம் ஒன்றைத் திறந்து, கடந்த மாத விற்பனை, வாடிக்கையாளர் எண்ணிக்கை, அடுத்த மாத இலக்கு ஆகியவற்றை நிரப்பிக்கொண்டு, “இலக்கை எட்டுவதற்கு என்ன உத்தி வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்பார். மழைக்காலத்தில் ஓலை உலராமல் பூஞ்சணம் பிடிக்கிறது என்றால், அதையும் சவால்கள் என்ற கட்டத்தில் எழுதிக்கொள்வார். அவர் போன பிறகு எங்கள் நிலையில் எந்த மாற்றமும் இருக்காது, அவருடைய படிவம் மட்டும் நிறைந்திருக்கும்.

இரண்டாமவர் வேறு வகை. பள்ளிப் பைகளும் துணிப்பைகளும் தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் தொழிலை வீட்டிலேயே தொடங்கி, இப்போது பலரை வேலைக்கு வைத்து நடத்துபவர். பனையோலை அவருக்குப் பழக்கமில்லாதது, அதை அவர் மறைக்கவும் இல்லை. வந்ததும் படிவம் எதையும் எடுக்கவில்லை. கடைகளுக்குப் பொருள் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டுகளைக் காட்டச் சொன்னார். எங்கள் தொழிலில் பெரும்பாலும் பற்றுச்சீட்டு கிடையாது. கடைக்காரர் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு, விற்ற பிறகு காசு தருவார். விற்காததை மங்கிய நிலையில் திருப்பித் தருவார். அந்த அக்கா சொன்னது இவ்வளவுதான்: “சாமானை வச்சுப்போட்டு வாறதெண்டால், எத்தினை வச்சனீங்கள், எந்தத் திகதிக்குள்ள காசு, பழுதானால் ஆர் பொறுப்பு எண்டு மூண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ. கையெழுத்து வைக்கமாட்டன் எண்டுறவர் காசும் தரமாட்டார்.” கடைக்காரர்களில் ஓரிருவர் முகம் சுளித்தார்கள், மற்றவர்கள் எதுவும் சொல்லாமல் கையெழுத்திட்டார்கள். முகம் சுளித்தவர்களிடம்தான் பழைய பாக்கி அதிகம் இருந்தது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அவர் செய்த இன்னொரு உதவி, அளவு சம்பந்தமானது. விடுதி ஒன்று அறைகளில் வைப்பதற்கு ஒரே அளவான பெட்டிகளை மொத்தமாகக் கேட்டிருந்தது. ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு விதமாக இறுக்கும். ஒருவர் இழைத்த பெட்டி மற்றவர் இழைத்ததைவிட விரல் அகலம் பெருத்திருக்கும். அடுக்கிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். நாங்கள் ஆளை மாற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் தச்சரிடம் சொல்லி, பெட்டியின் உள்ளளவுக்குச் சரியான மரக்கட்டைகளைச் செய்வித்துக் கொண்டுவந்தார். அடியை இழைத்ததும் கட்டையை உள்ளே வைத்து, அதைச் சுற்றிச் சுவரை எழுப்பவேண்டும். மூலைகள் கட்டையின் மூலைகளில் மடியும். பை தைக்கும் இடங்களில் அட்டையில் வெட்டிய அளவு வைத்திருப்பார்கள், அதிலிருந்துதான் யோசனை வந்தது என்றார். இழைப்பவர்கள் முதலில் கை கட்டுப்படுகிறது என்று முறையிட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். திருப்பி அனுப்பப்படும் பெட்டிகள் வெகுவாகக் குறைந்தன. பனையைப் பற்றி அறியாத ஒருவரால் இதைச் செய்ய முடிந்தது, ஏனெனில் ஒரே அளவில் பலர் கையால் பொருள் செய்விப்பது எப்படி என்பதை அவர் தன் தொழிலில் பட்டுத் தெரிந்திருந்தார்.

ஈர்க்கு இடியப்பத் தட்டு பற்றிய யோசனையும் அவருடையதே. 2023 ஒக்டோபரில், ஒரு முறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றின் உற்பத்தியும் விற்பனையும் நாட்டில் தடைசெய்யப்பட்டபோது, பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. உல்லாசப் பயணிகள் வாங்கும் அழகுப் பொருளையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அன்றாடம் சமையலறைக்கு வேண்டிய பொருளின் சந்தை திறந்திருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். இடியப்பத் தட்டில் ஒன்றுக்குக் கிடைக்கும் இலாபம் சிறியது. ஆனால் பயணிகள் வராவிட்டாலும் இடியப்பம் அவிப்பது நிற்காது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு அழகுப் பொருள் விற்பனை எப்படி அடங்கியது என்பதைக் கண்டவர்களுக்கு அந்த வாதம் உடனே விளங்கியது.

இரு வழிகாட்டுநர்களுக்கும் இடையிலான இந்த வேறுபாடு என் தனிப்பட்ட விருப்புவெறுப்பு அல்ல என்பதற்கு வெளியிலும் சான்று உண்டு. கென்யாவின் நைரோபி நகரில் டண்டோரா என்ற பகுதியில் சிறுதொழில் செய்யும் பெண்களிடையே நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், சிலருக்கு வகுப்புப் பயிற்சியும் சிலருக்கு அதே இடத்தில் வெற்றிகரமாகத் தொழில் நடத்தும் பெண் ஒருவரின் வழிகாட்டலும் கொடுக்கப்பட்டன. வழிகாட்டல் பெற்றவர்களின் இலாபம் சராசரியாக 20 சதவீதம் உயர்ந்தது. வகுப்புக்குப் போனவர்களின் இலாபத்தில் அப்படியான உயர்வு காணப்படவில்லை. வழிகாட்டியுடனான தொடர்பு அறுந்ததும் அந்த உயர்வும் தேய்ந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எங்கள் பயிற்சியின் வழிகாட்டல் ஆறு மாதத்தோடு முடிக்கப்பட்டதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அதிலும் இரண்டு மாதங்கள் மாரி மழையில், ஓலை வேலை மந்தமாக இருக்கும் காலத்தில் போயின. நன்கொடையாளரின் நிதியாண்டு எப்போது முடிகிறது என்பதைப் பார்த்து வகுத்த கால அட்டவணை அது. பனைத்தொழிலின் காலத்தைப் பார்த்து வகுத்ததன்று.

இலங்கையிலேயே செய்யப்பட்ட ஆய்வும் ஒன்று உண்டு. சுரேஷ் டி மெல், டேவிட் மக்கன்சி, கிறிஸ்தோபர் வூட்ரஃப் ஆகிய பொருளியலாளர்கள் இதே எஸ்.ஐ.வை.பி. பயிற்சியைக் கொழும்பு, கண்டிப் பகுதிப் பெண்களுக்குக் கொடுத்து ஆராய்ந்த முடிவுகளை 2014இல் வெளியிட்டார்கள். ஏற்கனவே தொழில் நடத்திக்கொண்டிருந்த பெண்கள் பயிற்சியால் கணக்கெழுதுவது போன்ற நடைமுறைகளைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பயிற்சி மட்டும் பெற்றவர்களின் இலாபம் கூடவில்லை. பயிற்சியோடு ஒரு தொகைப் பணமும் பெற்றவர்களுக்கு இலாபம் கூடியது, இரண்டாம் ஆண்டில் அந்தக் கூடுதல் மறைந்தது. புதிதாகத் தொழில் தொடங்க இருந்தவர்களோ பயிற்சியால் விரைவாகத் தொடங்கினார்கள், அவர்களின் இலாபமும் சற்று மேம்பட்டது. ஆகவே, நடத்திக்கொண்டிருப்பவருக்கு வகுப்பு, தொடங்கப் போகிறவருக்கும் அதே வகுப்பு என்று வைத்த எங்கள் ஏற்பாட்டாளர்கள், இந்த நாட்டிலேயே கிடைத்த பாடத்தைப் பார்த்திருந்தால் இரண்டையும் பிரித்திருப்பார்கள்.

பணத்தைப் பற்றிய அந்த முடிவு எங்கள் அனுபவத்தோடும் பொருந்துகிறது. மொத்த வேலை வந்தால் முதலில் வேண்டியது ஓலை. மரமேறிச் சார்வோலை வெட்டித் தருபவர்கள் குறைந்துவிட்டதால், அவர்கள் வரும் நாளில் கையில் காசு இருந்தால்தான் வாங்கி வைக்க முடியும். கிரயக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், ஓலை வாங்கக் காசு இல்லாவிட்டால் அது கொப்பியிலேயே இருக்கும். சிறு சுழற்சி நிதி ஒன்றைக் குழுவுக்குக் கொடுத்திருக்கலாம். அல்லது பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களோடு பேசி, ஓலையை முன்கூட்டியே பெற்று விற்பனைக்குப் பின் கழிக்கும் ஒழுங்கைச் செய்து தந்திருக்கலாம். அதற்குப் பதிலாகப் பயிற்சியின் பெயர் அச்சிட்ட பையும் தொப்பியும் கிடைத்தன.

நிர்வாகத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பதாகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பதும், ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் எழுதுவிப்பதும் எங்கும் நடப்பவை. சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு ஒரு முழுநாள் செலவானது. அந்த நாளில் கொழும்புக் கண்காட்சிக்கான பொருள்களுக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கலாம். அந்தக் கண்காட்சியில் விற்பனை ஓரளவு நடந்தது என்றாலும், அங்கே சந்தித்த கடைக்காரர்களின் தொலைபேசி இலக்கங்களே அதிலும் பெரிய வரவு. உணவு நன்றாக இருந்தது. கைக்குழந்தையோடு வந்தவர்களுக்குத் தனியறை ஒதுக்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் வைத்திருந்தார்கள்; பெண்களே பெரும்பான்மையாக உள்ள இந்தத் தொழிலில் இதைச் செய்யாத பயிற்சிகள் பல என்பதால் இதைக் குறிப்பிட்டுப் பாராட்டுகிறேன்.

ஆறு மாதமாவது தொடர்ந்து விற்பனை செய்துவருபவர்கள், குறிப்பாகக் குழுவாக வேலை செய்பவர்கள், இத்தகைய பயிற்சி ஒன்று கிடைத்தால் சேரலாம். போகும்போது தாம் செய்யும் பொருள்களில் அதிக நேரம் எடுக்கும் ஒன்றையும், கடைசியாக ஓலையும் சாயமும் வாங்கிய விலைகளையும் கையோடு கொண்டுபோனால் கிரயக் கணிப்புப் பாடத்தின் முழுப் பயனையும் பெறலாம். இழைக்கவே இன்னும் கற்காதவர்கள் இதற்குப் போவதில் பொருளில்லை. அவர்கள் 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையிடம் முதலில் விசாரிப்பது நல்லது. தனியாகத் தொழில் தொடங்க யோசிப்பவர்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுதொழில் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்டால், கைத்தொழில் அபிவிருத்திச் சபையினதோ தேசிய தொழில் முயற்சி அபிவிருத்தி அதிகார சபையினதோ பயிற்சிகள் எப்போது நடக்கும் என்பதை அறியலாம். எங்கு சேர்வதானாலும் விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஏற்பாட்டாளர்களிடம் கேட்கவேண்டியவை சில உண்டு: வழிகாட்டுநர் தாமே பொருள் செய்து விற்று வாழ்பவரா, அவர் எத்தனை மாதம் வருவார், அந்த மாதங்களில் மாரிகாலம் எவ்வளவு, முடிந்த பிறகும் அவருக்குத் தொலைபேசி எடுக்கலாமா. எங்கள் அக்காவிடம் இப்போதும் எடுக்கலாம். ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் எடுக்கவேண்டும், அதுவரை அவருடைய தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.